கரைக்குக் குடிபோன ஜிலேபிகள்

எங்கள் செம்பூரான்பட்டியில் வீடு நாற்பத்தொன்று, குளம் ஒன்று. பங்குனியில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். வீட்டுக்கு ஒரு விரால் என்பது வழக்கம். எண்ணிக் கொடுப்பது என் வேலை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், விராலுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஆறு ஜிலேபி மீன் வாங்கி விட்டோம். யோசனை என்னுடையது. போன பங்குனியில் விரால் பதினேழுதான் இருந்தது. ஜிலேபியை ஆயிரத்து முந்நூற்று நான்கு வரைக்கும் எண்ணினேன், பிறகு கை வலித்தது. பதினேழை நாற்பத்தொரு வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் திரும்ப விட்டுவிட்டோம். ஜிலேபியைச் சமைக்கலாம்தான். ஆனால் விருந்தாளியாக வந்ததைத் தின்ன யாருக்கும் மனம் வரவில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் வெறும் புளிக்குழம்பு.

மீன்வளத்துறை அம்மா வந்து பார்த்தார்.

"இது வெளியூர் மீன். விரால் முட்டையைத் தின்னும், குஞ்சுக்கு இரை வைக்காது. விட்டால் அடுத்த பங்குனிக்கு விராலே இருக்காது. குளத்தில் ஒரு ஜிலேபிகூட இருக்கக் கூடாது. பிடித்துக் கரையில் போடுங்கள்."

மறுநாளே கரையில் போட்டோம். துள்ளின.

"ஏன் மச்சான் வாயை வாயைத் தெறக்குது?" என்றான் செவந்தியப்பன்.

"தாகமாயிருக்கும்," என்றேன்.

"கரையில போடத்தான சொன்னாக. தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே," என்றார் மூக்கையா மாமா.

கரையிலேயே குழி வெட்டினோம். குளத்துத் தண்ணீரை இறைத்து ஊற்றினோம். ஜிலேபி பெருகப் பெருகக் குழியை அகலமாக்கினோம்.

"மண்ண எங்க மாமா கொட்ட?" என்றான் செவந்தியப்பன்.

"கொளத்துலதான் தண்ணி கொறஞ்சு கெடக்கே, அங்க கொட்டு."

தை மாதம் குழி குளத்தளவு ஆகிவிட்டது. நான் இறைத்தது மட்டும் நாலாயிரத்து அறுபது குடம். பழைய குளத்தின் சேற்றில் பதினேழு விராலும் நெளிந்தன.

"இங்க கெடந்தாச் செத்துப்போகும் மாமா," என்றான் செவந்தியப்பன்.

"ஜிலேபியோட விட்டாலும் போயிரும்னு அந்தம்மா சொன்னாகளே," என்றேன்.

"அவுக சொன்னது கொளத்துக்குப்பா. இது கரையாச்சே."

நியாயமாகப் பட்டது. பதினேழையும் எண்ணிக் கரையில் விட்டோம்.

பங்குனியில் அந்த அம்மா திரும்ப வந்தார். பழைய குளத்தைக் குறுக்கே நடந்து காட்டினேன். செருப்பு நனையவில்லை.

"ஒரு ஜிலேபிகூட இல்லைங்கம்மா. மூன்று தடவை எண்ணிவிட்டேன்."

"விரால்?"

"கரையில் மூன்று."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மூக்கையா மாமாவுக்கு மனசு கேட்கவில்லை.

"வருத்தப்படாதீக தாயி. கரையில ஜிலேபி இருக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. புடிச்சுக் கொளத்துல போட்டுர்றோம்."

நான் மண்வெட்டிகளை எண்ணினேன். நாற்பத்தொன்றும் இருந்தன.