குடத்தில் வந்த கெண்டை

ஈரத்துணியைப் பாறையில் அறைகிற மாதிரி ஒரு சத்தம்.

மாதையன் சிறுவயதில் கேட்ட சத்தம் அது. புதுவெள்ளம் வந்தால் ஆற்றுக்கெண்டைகள் முட்டையிட மேற்கே ஏறும். பாறைக்குப் பாறை எகிறி விழும்.

பிறகு அணை வந்தது. பாறைகள் முங்கின. அவனுக்குத் தலையும் நரைத்துவிட்டது. கண்ணை மூடி உட்கார்ந்தால் இன்னும் அந்தச் சத்தம்தான்.

துறவு தேடி அவன் சேர்ந்திருந்த அணைக்கரை மடத்தில் குரு அருளம்மை. அவனைவிட வயதில் சிறியவள். ஆடி மாதத்தில் ஒரு காலை அவளெதிரே போய் நின்றான்.

“நாளைக்குக் காவி தரேன்னு சொன்னீங்கம்மா. வேண்டாம். மனசு ஒரு இடத்துல நிக்கல.”

“எப்படி நிக்கணும்?”

நீர்த்தேக்கத்தைக் காட்டினான். ஒரு சுருக்கமில்லாமல் கிடந்தது.

“அந்த மாதிரி.”

அவள் உள்ளே போய் ஒரு குடத்தோடு வந்தாள்.

“அணைக்குக் கீழே போங்கண்ணா. சுவத்துல முட்டிக்கிட்டிருக்கிற கெண்டை ஒண்ணைப் பிடிச்சு, மேலே கொண்டாந்து விடுங்க.”

“காவி கட்டுறவன் செய்யுற வேலையா இது?”

“காவிதான் வேண்டாம்னீங்களே.”

சுவரடியில் மீன்கள் எகிறி எகிறி விழுந்தன. அதே சத்தம். மாதையன் தண்ணீரில் இறங்கினான். துண்டை விரித்து ஒன்றை அள்ளினான். மூக்கு தோலுரிந்திருந்தது. வயிறு முட்டையால் புடைத்திருந்தது.

படியேறும்போதெல்லாம் குடத்துக்குள் இடித்துக்கொண்டே வந்தது.

நீர்த்தேக்கத்தில் விட்டான். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“விட்டீங்களா?” என்றாள் அருளம்மை.

“விட்டேன்.”

“எந்தப் பக்கம் போச்சு?”

மாதையன் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தான்.

“மேற்கேதானே?”

“போகலம்மா. சுத்துச்சு. விட்ட இடத்துலயே சுத்திச் சுத்தி வந்துச்சு.”

“சுவரைத்தான் தாண்டியாச்சே. இன்னும் என்ன தடை?”

“தடை ஒண்ணுமில்ல. தண்ணி நிக்குது. எதிர்த்து வர்ற இழுப்பு இருந்தாத்தானே அதுக்கு மேற்கு எதுன்னு…”

பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அருளம்மை குடத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

மறுநாள் காவித்துணி மடித்தபடி இருந்தது. மாதையனைக் காணோம். குடத்தையும் காணோம்.

நீர்த்தேக்கம் முடிந்து ஆறு மறுபடி இரைகிற ஊர் ஒன்று மேற்கே மலைக்குள் இருக்கிறது. புதுவெள்ளம் வரும்போதெல்லாம் அவன் குடத்தில் ஒரு கெண்டையோடு, வழியெல்லாம் தண்ணீர் மாற்றிக்கொண்டு, அதுவரைக்கும் போய்வந்தான்.

அந்த ஊரில்தான் இறந்தான். கடைசிவரை வெள்ளை வேட்டிதான்.