மூன்றாவது பெட்டி

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. அதில் இருவருக்கும் கூச்சம் ஒன்றும் இல்லை. சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற உச்சிமாகாளி, சங்கிலி பிடித்து நிலம் அளந்த கையால் கணினியில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டது ஹெப்சிபாவிடம்தான். கற்றதை வெள்ளக்காலத் தன்னார்வலர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவரே ஒரு பாடமும் எழுதினார்.

அந்தப் பாடம் கணினியில் திறக்கும் ஒரு நோட்புக். பெட்டி பெட்டியாக இருக்கும்; ஒவ்வொன்றிலும் கணினி போடவேண்டிய ஒரு கணக்கு. ஆற்றின் நீர்மட்டத்தை முதல் பெட்டியில் எழுதி வரிசையாக ஓட்டினால், எந்தத் தெரு முழுகும், எது மேடு என்று கடைசிப் பெட்டிக்குக் கீழே வரைபடம் வரும். ஓட்டாவிட்டாலும் அந்த இடம் காலியாக இருக்காது. எழுதியவர் எப்போதோ ஓட்டியபோது வந்த படம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

போன ஐப்பசி மழையில், கீழப்புளியடித் தன்னார்வலர் மாசிலாமணி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஐந்து பேரைச் சமுதாயக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். படத்தில் சமுதாயக்கூடம் நனையாத வெள்ளையாக இருந்தது. தண்ணீர் வடிந்தபின், அவரையும் சேர்த்து ஆறு பேர் உடலையும் அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

ஏழு மாதம் உச்சிமாகாளி கணினியைத் தொடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், பாடம் எழுதிய கணினிக் கருவி சரியில்லை என்றே சொன்னார். இப்போது திங்கட்கிழமை நாற்பது புதிய தன்னார்வலர்கள் பாடம் கேட்க வருகிறார்கள். பாடத்தை வேறு கருவியில் எழுதிவிட்டால் மனப்பாரம் இறங்கும் என்று நம்பி, மூன்று கருவிகளுக்கு அட்டவணை போட்டு, மார்க்கும் போட்டு எடுத்து வந்திருந்தார். பாவம், மனிதருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"டீச்சர், இதுல ஒரு பெட்டிய மாத்துனா கீழ உள்ள எல்லாத்தையும் அதுவே ஓட்டிரும். பழைய படம் ஒட்டிக்கிட்டு நிக்காது. அடுத்தது பிரவுசர்லயே ஓடும், கம்ப்யூட்டர்ல ஒண்ணும் ஏத்த வேண்டாம். மூணாவது நாம வச்சிருக்கது. எத எடுக்க?"

ஹெப்சிபா அட்டவணையை வாங்கி, படிக்காமலே மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பழைய பாடத்தத் தொறங்க அண்ணாச்சி."

"அது எதுக்கு? அதான் தூக்கிப் போடப் போறமே."

"தொறங்க."

திறந்தார். கடைசிப் பெட்டிக்குக் கீழே அந்தப் படம் இருந்தது. உச்சிமாகாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தப் படத்துக்கு நீங்க போட்ட நீர்மட்டம் எத்தன?"

"ரெண்டு மீட்டரு. வகுப்புக்காகச் சும்மா போட்டுப் பாத்தது."

"மழையன்னைக்கு?"

"அஞ்சு."

"அஞ்சுன்னு எழுதுங்க. கம்ப்யூட்டர் நெனப்புல உள்ள பழைய கணக்கு எல்லாத்தையும் மறக்க வச்சுட்டு, மேலருந்து ஓட்டுங்க."

அவர் விரல் கொஞ்சநேரம் தயங்கியது. பிறகு ஓட்டினார். முதல் பெட்டி ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதில் சிவப்பு எழுத்து வந்து எல்லாம் நின்றது. அந்தப் பெட்டிக்கு வேண்டிய மேடுபள்ளக் கணக்கு இன்னொரு பெட்டியில் இருந்தது. அதை அவர் எப்போதோ வேண்டாமென்று அழித்திருந்தார். கீழே படம் மாறவே இல்லை. இன்னும் இரண்டு மீட்டரிலேயே இருந்தது.

ஹெப்சிபா திரையைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க திடுக்கிடலையே அண்ணாச்சி."

அவர் கவிழ்ந்துகிடந்த அட்டவணையை எடுத்து மடித்தார்.

"இது நிக்கும்னு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்." இதைச் சொல்ல அவருக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது.

"யாரு சொன்னா?"

"மாசிலாமணி. மழைக்கு ரெண்டு வாரம் முந்தி போன் பண்ணுனான். மூணாவது பெட்டியில செவப்பா வருது, அதுக்கு மேல போகலன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பேத்தி காதுகுத்துக்கு ஆட்டோவில் வாழையிலைக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு கையில் போன், ஒரு கையில் கட்டு.

"ஓட்ட வேண்டாம்டே, கீழ படம் இருக்குல்லா, அதப் பாத்துக்கோன்னேன்."

சொல்லிவிட்டு அழுதார். ஹெப்சிபா தேற்றவில்லை. அழுது முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"தானா ஓட்டுற கருவியா இருந்திருந்தா, அந்தப் படம் அங்க நின்னுருக்காதுல்லா டீச்சர்?"

"நின்னுருக்காது."

அவர் முகத்தில் லேசாக உயிர் வந்தது.

"அப்போ அதையே எடுத்துருவமா?"

"எடுங்க. நல்ல கருவிதான். அதுவும் ஒருநாள் ஏதாவது ஒரு பெட்டியில நிக்கும். பாடத்துக்கு மேலயே உங்க போன் நம்பர எழுதி வையுங்க அண்ணாச்சி, நின்னா கூப்பிடட்டும். மாசிலாமணி கூப்பிட்ட அந்த நம்பர."