மரகதம் பேச்சை நிறுத்திய கதை

கற்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், கல் பதிப்பது இவ்வளவு கடினமான வேலையாக இல்லை. கல்லைச் சுற்றி மடக்கும் பொன் நகங்கள் இறுக்கமாகப் பிடித்துவிட்டனவா என்று கல்லையே கேட்டுவிடலாம். "இடப்பக்கம் தளர்வு" என்றால் அழுத்துவார்கள். "போதும்" என்றால் நிறுத்துவார்கள்.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் உமையாள் என்னும் பொற்கொல்லப் பெண் இருந்தாள். ஒரு மாசி வரையில் அவள் கைவேலையைக் குறை சொன்னவர் இல்லை. அந்த மாசியில் அவள் பதித்த கெம்பு ஒன்று, அணிந்தவள் ஆற்றில் முழுகி எழுந்தபோது கழன்று போயிற்று. மணலை அரித்துப் பார்த்தும் அகப்படவில்லை. அந்தக் கெம்பும் "போதும்" என்றுதான் சொல்லியிருந்தது. அதன்பின் உமையாளுக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் கல்லின் சொல்லையும் நம்ப முடியவில்லை.

அந்நிலையில் வடிவாள் என்னும் மணப்பெண், பட்டை தீட்டிய மரகதம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"அக்கா, இது என் அம்மாவின் கல். மோதிரமாக்கிக் கொடுங்கள். நாளை ஓடமேறி மறுகரைக்குப் போகிறேன். அம்மா போனபின், அவள் பாடிய தாலாட்டு இதற்கு மட்டுந்தான் தெரியும். புது வீட்டில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?"

"ஓயாமல் பாடச் சொல்லி என் உயிரை வாங்குகிறாள்" என்று முணுமுணுத்தது மரகதம்.

வடிவாள் சிரித்தாள். உமையாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் பொன்னைக் கம்பியாக இழுத்தாள். கல்லின் இடுப்புச் சுற்றை அளந்து சிறு வளையம் வளைத்தாள். அதில் நான்கு நகங்களையும் விரலுக்கான வளையத்தையும் பற்றவைத்தாள். கல்லின் விளிம்பு அமர்வதற்காக ஒவ்வொரு நகத்தின் உட்புறத்தையும் அரத்தால் சிறிது குடைந்தாள். பிறகு மரகதத்தை அமர்த்தி, எஃகுக் கோலால் நகங்களை மடக்கத் தொடங்கினாள்.

"மெதுவாக அழுத்து! கோல் ஏன் இப்படி வழுக்குகிறது? கள் குடித்தாயா?"

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பிடிப்புப் போதுமா?"

"மலைக்குள் இருந்ததைவிட வசதிதான். அந்தக் கடைசி நகம் மட்டும் இன்னும் மயிரிழை... ம், அவ்வளவுதான். போதும்."

உமையாள் கோலை எடுத்தாள். மோதிரத்தை உதறிப் பார்த்தாள், கல் ஆடவில்லை. துறையிலிருந்து ஓடக்காரனின் குரல் கேட்டது. ஆற்றை நினைத்தாள்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று கோலை மீண்டும் வைத்தாள்.

"போதும் என்றேனே! என் உள்ளே நரம்புபோல் ஒரு விரிசல் ஓடுகிறது, பெண்ணே..."

அழுத்தினாள். பல்லிடையில் நெல்மணி நொறுங்கியதுபோல் சிறு ஓசை எழுந்தது.

மரகதம் விழவில்லை; சிதறவுமில்லை. பச்சைக்குள் வெண்கீற்று ஒன்று மட்டும் குறுக்கே ஓடியிருந்தது.

"ஐயா" என்று அழைத்தாள் உமையாள். "திட்டவாவது செய்யுமேன்."

பதில் இல்லை.

வடிவாள் மணக்கோலத்தில் வந்து மோதிரத்தை விரலில் இட்டாள். "பாடு" என்றாள். காத்திருந்தாள். "அக்கா, ஏன் பேசமாட்டேன் என்கிறது? கோபமா?"

"போதும் என்று அது சொல்லியும் நான் கேட்கவில்லையம்மா."

வடிவாள் மோதிர விரலைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடியே போய் ஓடத்தில் ஏறினாள்.

பட்டறையிலிருந்த மற்றக் கற்கள் அனைத்தும் இதைப் பார்த்திருந்தன. அவற்றுள் ஒன்றேனும் உமையாளுக்கு மறுமொழி தரவில்லை. செய்தி ஊர் ஊராகப் பரவ, எங்குமுள்ள கற்கள் வாய் மூடின.

அன்று தொடங்கித்தான், கல் பதிப்பவர்கள் கடைசி நகத்தை மடக்கியதும் நகையைக் காதருகே உயர்த்தி, விரலால் மெல்லத் தட்டி, மூச்சை அடக்கிக் கேட்கிறார்கள். கல் ஆடும் ஓசை ஏதும் வராவிட்டால், அதையே "போதும்" என்று கொண்டு கோலைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.