மறுத்தவர் இறங்குக

ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட யாருக்கும் தெரியாத காலத்தில் நடந்தது இது. அப்போது ஒரு ராஜாவும் இருந்தார். ஆனால் அவர் வெகு தூரத்தில் இருந்தார். இந்தக் கதைக்குள் அவர் வரமாட்டார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன செய்வது, வேண்டிய நேரத்தில் ராஜாக்கள் வருவதில்லை.

ஆற்றங்கரையில் நெடுங்கரை என்று ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே, ஆறு வளைகிற இடத்தில் ஒரு மடு. கோடையில் ஆறு வற்றினாலும் அந்தப் பள்ளத்தில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் நிற்கும். அதில் ஒரு முதலை கிடந்தது. ஊரார் அதைச் சத்திய முதலை என்றார்கள். பொய் சொன்னவரைப் பிடிக்கும், மெய் சொன்னவரை விடும் என்று நம்பினார்கள்.

முதலைக்குப் பொய் ஏது, மெய் ஏது? அதற்குத் தெரிந்ததெல்லாம் பசி. இதை நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்து சொல்லிவிடலாம். நெடுங்கரையில் சொன்னால், சொன்னவரையே மடுவில் இறக்கிவிடுவார்கள்.

அந்த ஊரில் வீரணன் என்று ஓர் ஓடக்காரர். அவர் மனைவி பூவாயி. அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஆண்பிள்ளை என்று சொல்லி, கருப்பணன் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை, “நான் பொண்ணு. என் பேரு பவளம்” என்றே சொன்னது. அவளே சொன்ன பிறகு வேறு பெயர் எதற்கு? நானும் அவளைப் பவளம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

சின்ன வயதில் அவள் அப்படிச் சொன்னபோது ஊர் சிரித்தது. பத்து வயதில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஊர் சிரிப்பதை நிறுத்தும்போதுதான் பயப்பட வேண்டும், பிள்ளைகளே.

முதலில் அப்பா அவள் கூந்தலை மழித்தார். அழுதாள், அழுதுகொண்டே “நான் பவளம்” என்றாள். அடுத்து பெரியப்பா அவளை மாட்டுக்கொட்டிலில் மூன்று நாள் கட்டிப்போட்டார். நடுங்கினாள்; கட்டை அவிழ்த்தபோது “நான் பவளம்” என்றாள். பிறகு ஊரே சேர்ந்துகொண்டது. ஆண்கள் துறைக்குப் போனால் பையன்கள் கல்லெறிந்தார்கள். பெண்கள் துறைக்குப் போனால் குடங்களைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் எழுந்து போனார்கள். அப்போது அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு எதிரே ஆள் இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வானத்தைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. பவளத்தைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

ஊர்த்தலைவர் சடையப்பர் தீர்ப்புச் சொன்னார். “காலையில மடுக்கரைக்குக் கூட்டிட்டு வாங்க. ஆம்பளைதான்னு கரையில நின்னு சொன்னா வீட்டுக்குப் போகலாம். பொம்பளைன்னு சொன்னா, அதை மடுவுல இறங்கி நின்னு சொல்லட்டும்.”

அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் மட்டும் அந்த மடுவில் மூன்று பேர் இறங்கியிருந்தார்கள். ஒரு ஆடு மேய்ப்பவர், ஒரு விதவை, ஒரு கூலிக்காரி. முதல் இருவர் திரும்பி வந்தார்கள். மூன்றாமவளின் சேலை மட்டும் மிதந்து வந்தது. அவள் பொய் சொல்லியிருப்பாள் என்று சொல்லிவிட்டு ஊர் சாப்பிடப் போனது.

பூவாயி காலையில் மகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். பவளத்துக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

“ஒரு வார்த்தைதானே சாமி. ஆம்பளைன்னு சொல்லிட்டு வந்துரு. வீட்டுக்குள்ள நான் உன்னைப் பவளம்னே கூப்பிடுறேன்.”

“வீட்டுக்குள்ள மட்டுமா ஆத்தா?”

பூவாயி கஞ்சிக் கலயத்தை எடுத்து மூடி வைத்தாள்.

“பயமா இருக்கு ஆத்தா. ஆனா வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல” என்றாள் பவளம்.

மடுக்கரையில் ஊர் கூடிவிட்டது. தமுக்கு அடிக்கும் கிழவர் முன்னால் வந்து, வழக்கமாகச் சொல்லும் ஆணையைச் சொன்னார்.

“சொன்னவர் இறங்குக! மறுத்தவர் இறங்குக! மூன்று தமுக்குவரை நின்று சொல்லுக!”

பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்த ஆணையை அப்படியேதான் சொல்லி வந்தார்கள். எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடமானதை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? சாகப் போகிறோமோ என்று நடுங்குகிறவள் கேட்டாள். ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

“கடைசியாக் கேக்குறேன். நீ யாரு?” என்றார் சடையப்பர்.

“பவளம்.”

இறங்கினாள். பாசி வழுக்கியது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பற்கள் அடித்துக்கொண்டன. “நான் பொண்ணு. என் பேரு பவளம்” என்றாள். பின்னால் நின்றவர்களுக்கு அது கேட்கவே இல்லை.

முதல் தமுக்கு முழங்கியது. எதிர்க்கரை நாணலுக்குள் ஏதோ கனமாக நகர்ந்தது.

இரண்டாம் தமுக்கு முழங்கியது. நாணல் அசைவது நின்றது. அது நின்றபோதுதான் பவளத்துக்கு உயிரே போய்விடும்போல் இருந்தது. கரைக்கு ஓடிவிடலாமா என்று திரும்பினாள். கரையில் நூறு முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பயத்தில் அவள் குரல் பெரிதாகிவிட்டது.

“ஐயா! மறுத்தவர் இறங்குகன்னு சொன்னீங்களே! மறுக்கிறவங்க யாரு? ஏன் இன்னும் இறங்கல?”

தமுக்குக் கிழவரின் கை அப்படியே நின்றது. அறுபது வருஷமாகத் தான் சொல்லி வந்ததை அன்றுதான் அவரே கேட்டார். “ஆமாங்க, அப்படித்தானே இருக்கு” என்றார்.

எல்லோரும் சடையப்பரைப் பார்த்தார்கள். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். “எனக்கு முழங்கால் வாதம். ஈரம் ஆகாது” என்றார்.

பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் வரை இறங்கினார். காலடியில் ஏதோ துள்ளியது. ஒரே பாய்ச்சலில் கரையில் இருந்தார். துள்ளியது தவளை.

பிறகு எல்லோரும் வீரணனைப் பார்த்தார்கள். “பெத்தவன் நீ. நீ இறங்கி, இவன் ஆம்பளைன்னு சொல்லிட்டு வாப்பா” என்றார் சடையப்பர்.

வீரணன் இறங்கினார். பிறந்தது முதல் ஆற்றிலே கிடந்தவர் அவர். நாணல் ஏன் அசையவில்லை என்று அவருக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் மகளின் பக்கத்தில் போய் நின்றார். “இவன் ஆண். பெயர் கருப்பணன்.” அவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, பிள்ளைக்குப் பத்து முழம் தள்ளித் தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் வந்தன.

“பவளம்! ஏறு! கரையேறு, பவளம்!”

அலறியவர் வீரணன்தான். எந்தப் பெயரைச் சொன்னதற்காகப் பிள்ளையை மழித்தாரோ அந்தப் பெயர். பூவாயி சேலையோடு தண்ணீரில் பாய்ந்து மகளைப் பிடித்து இழுத்தாள். வீரணன் குறுக்கே நின்று இரண்டு கையாலும் தண்ணீரை அறைந்தார். முதலையின் வாய் திறந்தது. தமுக்குக் கிழவர் வேறொன்றும் தோன்றாமல் கையிலிருந்த தமுக்கை வீசினார். முதலை அதைக் கவ்விக்கொண்டு அடியில் போனது. அதற்குள் அதன் பல் பட்டுவிட்டது; ஓடக்காரர் கரையேறியபோது குதிகாலில் ஒரு கை அகலத்துக்குச் சதை இல்லை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார்.

“மூணாவது தமுக்கு அடிக்கல. சத்தியம் செல்லாது” என்றார் சடையப்பர்.

“தமுக்கு முதலை வயித்துல இருக்குங்க. அடிக்கிறவங்க போய் அடிச்சுக்கலாம்” என்றார் கிழவர். “மறுக்க இறங்கினவரு தண்ணியில நின்னு என்ன பேரைச் சொன்னாருன்னு ஊரே கேட்டுச்சு. மடுவுல சொன்ன சொல்லு மாறாது. இதுவும் நம்ம ஊர் சட்டந்தானுங்க.”

சடையப்பர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கம் நடந்தார். வீரணன் மகளின் மொட்டைத் தலையைத் தடவினார். “நான்தானே மழிச்சேன்” என்று சொல்லிக் குழந்தையைப்போல அழுதார்.

“வளரும்ப்பா” என்றாள் பவளம். அவள் பற்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கு மழை பெய்துவிடவில்லை. மழை அதன் காலத்தில் வந்தது. மறுநாள் பவளம் குடத்தை எடுத்துக்கொண்டு பெண்கள் துறைக்குப் போனாள். மடுவில் இறங்கியதைவிட அந்தப் படியில் இறங்கத்தான் அவளுக்கு அதிக பயம். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் எழுந்து போகவில்லை. கடைசிப் படியில் துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, தன் துணி மூட்டையை நகர்த்தி இடம் விட்டாள். பவளம் அங்கே குனிந்து தண்ணீர் மொண்டாள்.

கேட்டவர்கள் இதை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்: தான் யார் என்று ஒரு குழந்தை பயந்து நடுங்கிக்கொண்டே சொல்லும்போது, கரையில் பத்திரமாக நின்றுகொண்டு அதை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை.