முதல் ஆண்டு கணக்கில் வராது

நெடுங்காலத்துக்கு முன்னே கூடலங்குறிச்சி என்ற நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம். யார் முதலில் வந்து காதில் ஓதுகிறார்களோ, அன்றைக்கு அவர் சொன்னதே சட்டம்.

அந்த நாட்டில் ஒரு வைத்தியக் கல்விச்சாலை இருந்தது. மூன்று ஆண்டுப் படிப்பு. நூற்றுக்கு அறுபது வாங்கினால் முதல் வகுப்பு. தனியாக வைத்தியம் பார்க்கலாம். அதற்குக் கீழே இறங்கினால், முதல் வகுப்புக்காரர் ஒருவருக்கு ஆயுசு முழுக்க மருந்து அரைத்துக் கொடுக்க வேண்டியதுதான். கல்விச்சாலைக்குத் தலைவர் அம்பலக்கூத்தர். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குகிறவர். மந்திரி திருமேனியாரைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. மந்திரி பதவி தனக்கு வந்திருக்க வேண்டியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார்.

அந்த வருஷம் படிப்பை முடித்தவர்களில் குழலி என்று ஒரு பெண். முதல் ஆண்டு எழுபத்திரண்டு, இரண்டாம் ஆண்டு அறுபத்தெட்டு. மூன்றாம் ஆண்டில் ஊரெங்கும் விஷக்காய்ச்சல். கல்விச்சாலைதான் அவளை நோயாளிகளிடம் அனுப்பியது. போன இடத்தில் அவளுக்கும் காய்ச்சல் தொற்றிக்கொள்ள, போர்வையைச் சுற்றிக்கொண்டு பரீட்சை எழுதி ஐம்பத்தைந்து வாங்கினாள்.

இன்னொருவன் பூவராகன், அம்பலக்கூத்தரின் அக்காள் மகன். நாடி பார்க்கச் சொன்னால் முழங்கையைப் பிடிப்பான். முதல் ஆண்டு முப்பத்திரண்டு, இரண்டாம் ஆண்டு நாற்பத்தொன்று. கடைசி ஆண்டு வினாத்தாளை மாமனே தயாரித்தார். எழுபத்துநான்கு வந்துவிட்டது.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் குழலிக்கு அறுபத்தைந்து, பூவராகனுக்கு நாற்பத்தொன்பது. எல்லா வருஷமும் அப்படித்தான் வகுத்தார்கள். இந்த வருஷம் மட்டும் அம்பலக்கூத்தர் விடிந்ததும் ராஜாவிடம் ஓடினார். முதல் ஆண்டில் எல்லாரும் குழந்தைகள், அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. இரண்டாம் ஆண்டுக்கு ஒரு பங்கு, மூன்றாம் ஆண்டுக்கு மூன்று பங்கு. கூட்டி நான்கால் வகுக்க வேண்டும் என்றார். கேட்கும்போதே தலை சுற்றுகிறதல்லவா? எனக்கும் சுற்றுகிறது. ராஜாவுக்கோ, புரியாததாலேயே பிடித்துப்போயிற்று. சட்டமாகிவிட்டது.

இப்போது பூவராகனுக்கு அறுபத்தைந்தே முக்கால். குழலிக்கு ஐம்பத்தெட்டேகால். பூவராகன் வைத்தியர், குழலி அவனுக்கு மருந்து அரைக்க வேண்டும். இதற்கு என்ன சொல்வது? வயிறு எரிகிறது.

குழலி நேராக மந்திரி வீட்டுக்குப் போனாள்.

"ஐயா, எனக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூட்டித் தர வேண்டாம். பரீட்சை எழுதி முடிச்சப்புறம் கணக்கை மாத்தினா, நான் எந்தக் கணக்குக்குப் படிக்கிறது? கை நடுங்க எழுதினதுக்கு மூணு பங்கு, நல்லா எழுதினதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

திருமேனியார் பெருமூச்சு விட்டார். இந்த ராஜாவோடு மல்லுக்கட்டியே அவருக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. மறுநாள் சபைக்கு வா என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் சித்திரை முதல் நாள். அன்றுதான் எந்த அதிகாரிக்கு எந்த வரிசையில் ஆசனம் என்று ராஜா தீர்மானிப்பான். திருமேனியார் எழுந்து, அம்பலக்கூத்தரின் புதிய கணக்கை வானளாவப் புகழ்ந்தார். இவ்வளவு அருமையான கணக்கைப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வானேன், சபைக்கும் வைக்கலாமே என்றார். ராஜாவுக்கு ஒரே குஷி. தன் எதிரியே தன்னைப் புகழ்ந்த பூரிப்பில் அம்பலக்கூத்தரும் தலையை ஆட்டிவைத்தார்.

"அப்படியானால் கண்டுபிடித்தவரிலிருந்தே ஆரம்பிப்போம்" என்றார் மந்திரி. "ஐயாவுக்கு முப்பது வருஷ சேவை. முதல் பத்து வருஷத்தில் வெள்ளத்தில் குதித்து இளவரசராக இருந்த நம் மன்னரைக் காப்பாற்றினார். அது கணக்கில் வராது. நடுப் பத்து வருஷம் சுமார். அதற்கு ஒரு பங்கு. கடைசிப் பத்து வருஷம் சபையில் தூங்கினார். அதற்கு மூன்று பங்கு. ஆக, கடைசி வரிசையில் தூண் ஓரமாக ஓர் ஆசனம்."

சபையில் சிரிப்பை அடக்கியவர்கள் குறைவு. அம்பலக்கூத்தருக்கு முகம் சிவந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

"இது என்ன அநியாயக் கணக்கு? முதல் வருஷங்களைத் தள்ள நீர் யார்? எல்லா வருஷமும் வருஷம்தான், சமமாகத்தான் எண்ண வேண்டும்" என்று கத்தினார்.

மந்திரி ஓலை எழுதுகிறவரைப் பார்த்து, அதை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"கடைசிப் பத்து வருஷமாக எனக்கு மூட்டுவலி. இரவெல்லாம் தூக்கமில்லை, பகலில் கண் சொக்கியது. நோயாளியாக இருந்த காலத்தை வைத்து ஒருவனை எடைபோடுவதா?" என்றார் அம்பலக்கூத்தர்.

"அதையும் எழுதிக்கொள்ளும். மன்னா, கல்விச்சாலைத் தலைவரே திருத்தம் சொல்லிவிட்டார். எல்லா ஆண்டும் சமம். நோயில் எழுதியதைக் கடுமையாக எடைபோடக் கூடாது. இதன்படி குழலிக்கு அறுபத்தைந்து. காய்ச்சலுக்கென்று எதுவும் கூட்டாமலே முதல் வகுப்பு."

ராஜா வெகுநேரம் தாடியைத் தடவினான். தன் கையெழுத்தில் போன சட்டம் அல்லவா, வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு குழலிக்கு முதல் வகுப்புப் பட்டயம் கொடுக்கச் சொன்னான். இனிமேல் வகுப்புக் கணக்கைப் படிப்பின் முதல் நாளிலேயே முரசறைந்து சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு ராஜாவே ஆனாலும் அதில் கை வைக்கக் கூடாது என்றான். மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

அப்போதும் அம்பலக்கூத்தர் அடங்கவில்லை. கணக்கு எதுவானாலும் தன் அக்காள் மகன்தான் இந்த நாட்டிலேயே சிறந்த வைத்தியன் என்று முணுமுணுத்தார்.

ராஜா அவர் பக்கம் திரும்பினான்.

"உமக்கு மூட்டுவலி என்றீரே, இப்போதே வைத்தியம் பார்த்துவிடலாம். பட்டயம் வாங்க வந்த உம் அக்காள் மகனும் குழலியும் வாசலில்தான் நிற்கிறார்கள். யாரைக் கூப்பிடட்டும்?"

அம்பலக்கூத்தர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"குழலியை" என்றார்.