தைல பாட்டில் ஏலம்

கடலை மண்டியில் ஏலம் கூறுவதில் கோதண்டத்துக்கு இணை கிடையாது. ஒரே மூச்சில் பதினெட்டு விலை சொல்வார். அந்த மூச்சைத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் இருமல் பிடுங்கிக்கொண்டது.

அப்போது பார்த்தவர் கடைத்தெரு கிளினிக் டாக்டர் அம்பலவாணன். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று இரண்டு தடவை ரிப்போர்ட் வந்தது. இருந்தும் எட்டு மாதம் காசநோய் மாத்திரை. இருமினால் புளியங்கொட்டை நிறத்தில் கட்டி கட்டியாக வந்தது. அதில் ஒன்றைத் தைல பாட்டிலில் போட்டு எடுத்துப் போனார் கோதண்டம்.

"இதையெல்லாம் ஏன்யா தூக்கிட்டு வர்றே?"

மூடியைக்கூடத் திறக்காமல் டாக்டர் அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

அந்த எட்டு மாதமும் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். மண்டியில் வேறொருவன் ஏலம் கூறினான். கோதண்டம் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

கடைசியில் போய்ச் சேர்ந்தது டாக்டர் மெஹர்பானுவிடம். நெஞ்சு நோய் மருத்துவர். நாற்பது தாண்டாத பெண். கோதண்டம் நீட்டிய இரண்டாவது பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆஸ்துமா உண்டா ஐயா?"

"சின்ன வயசிலேர்ந்து."

"பூஞ்சைத் தூசி எல்லார் மூச்சிலயும்தான் போகுது. உங்க நெஞ்சு மட்டும் அதோட சண்டைக்கு நிக்குது."

அந்த ஒவ்வாமைச் சண்டையை ரத்தத்தில் அளந்தார்கள். நூறு இருக்க வேண்டிய இடத்தில் ஆறாயிரத்து நானூறு. பூஞ்சைக்கென்றே இருக்கிற சோதனையும் ஆமாம் என்றது. ஸ்கேனில் மூச்சுக்குழாய்கள் விரிந்து கிடந்தன. ஸ்டீராய்டு, பூஞ்சை மாத்திரை, எட்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம். எண் மூவாயிரம் ஆனது. ஆயிரத்து நானூறு ஆனது. அங்கேயே நின்றுவிட்டது. மாத்திரைகளை நிறுத்தி ஏழு மாதம் ஆகியும் அசையவில்லை.

கோதண்டம் மண்டிக்குத் திரும்பினார். பூஞ்சைத் தூசி அடைகிற கிடங்குக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா உத்தரவு. திறந்த களத்தில் நின்று கூவினார்.

அந்தத் திங்கட்கிழமை மெஹர்பானுவின் பக்கத்தில் ஸ்டூலில் அம்பலவாணன் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதில், மடியில் நோட்டுப் புத்தகம்.

"சார் வாரத்துல ரெண்டு நாள் கத்துக்க வர்றார்" என்றார் மெஹர்பானு.

கோதண்டம் வணக்கம் சொல்லவில்லை. அம்பலவாணனுக்கு அவரை அடையாளமும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அம்பலவாணன் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "இன்னும் ஆயிரத்து நானூறு இருக்கே மேடம். மறுபடி ஸ்டீராய்டு ஆரம்பிச்சிடலாமா? எப்பதான் நூறுக்கு வரும்?"

அந்த மாத்திரையில் முகம் பூசணியாக ஊதி, சர்க்கரை ஏறிக் கோதண்டம் பட்டது போதும்.

மெஹர்பானு கோதண்டத்தைப் பார்த்தார். "ஐயா, ஒரு ஏலம் போடுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

"என்ன சரக்கு?"

"உங்க இஷ்டம்."

கோதண்டம் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்தார். உள்ளே இருந்தது எப்போதோ சோதனைக்குப் போய்விட்டது. கழுவிய பாட்டிலை மட்டும் அவர் விடவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"தைல பாட்டில் ஒண்ணேய்! காலி பாட்டில் ஒண்ணு! இதோட ஜோடி கடைத்தெரு கிளினிக்குல குப்பைக்குப் போச்சு, தொறந்து பாக்காம போச்சு, எட்டு மாசம் போச்சு, எம்பொழப்பும் சேந்து போச்சு, கேக்குறவங்க கேக்கலாம், பத்து ரூவா, பதினஞ்சு, இருவது, இருவத்தஞ்சு, ஒரு தரம்! ரெண்டு தரம்!"

எங்கும் மூச்சு வாங்கவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வராந்தாவிலிருந்து யாரோ "முப்பது!" என்று கத்த, வரிசையே சிரித்தது.

அம்பலவாணன் சிரிக்கவில்லை. "கடலை மண்டி கோதண்டம்" என்றார் மெதுவாக.

"இன்னும் மூணாந்தரம் சொல்லல சார்."

அம்பலவாணன் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றார். கையை நீட்டினார். "எனக்குக் குடுங்க. அன்னிக்கு நான் தொறந்து பாத்திருக்கணும்."

கோதண்டம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு தரம்."

பாட்டிலை அந்த உள்ளங்கையில் வைத்துவிட்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்பலவாணன் நோட்டில் 'நூறு' என்று எழுதியிருந்ததை அடித்தார். 'கோதண்டம், ஆயிரத்து நானூறு' என்று எழுதினார்.

"எப்ப பயப்படணும் மேடம்?"

"இவருக்கு இதுதான் அளவு. இதுலேர்ந்து அரை மடங்கு ஏறி, இந்தக் குரலும் இறங்கினா."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கோதண்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எம்மேல இருந்த கோவம் போச்சாங்க?"

"கொறைஞ்சிருக்கு."

அம்பலவாணன் தயங்கினார். "முழுசா எப்ப போகும், மேடம்?"

மெஹர்பானு அடுத்த சீட்டை எடுத்தார்.

"பூஜ்யத்துக்கு வராது சார். ஏறாம இருக்கான்னு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை பாருங்க."