நூறு வாங்கிய மாப்பிள்ளை

சுரைக்காய்ப்பட்டி பேச்சிமுத்துவுக்குச் செண்பகவடிவின் மேல் கொள்ளை ஆசை. அவளுக்காகத் தினமும் குளிக்கக்கூடச் சம்மதித்துவிட்டான். பெண்ணின் அப்பா சங்கரபாண்டிதான் மசியவில்லை. மூத்த மருமகனிடம் வீடு முழுக்க வெள்ளையடிக்கச் சொன்னதில், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மாமியாருக்கும் சேர்த்து அவன் அடித்துவிட்டிருந்தான்; இன்னொரு அறிவில்லாத மருமகன் வேண்டாம் என்றிருந்தார்.

“டவுன்ல ஒரு டாக்டரம்மா அறிவை அளந்து நம்பர் சொல்றாங்களாம். நூறு வாங்கிட்டு வாரும். அப்புறம்தான் பொண்ணு” என்றார்.

பேச்சிமுத்து தன் கூட்டாளி கொப்பையாவோடு கிளம்பினான். அளக்கப்போகிறார்களே என்று கொப்பையா வீட்டில் நெல் அளக்கிற படியையும் எடுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா பேச்சிமுத்துவை மட்டும் உள்ளே உட்கார வைத்து, மூன்று கால் மாட்டின் படத்தைக் காட்டினார். “இதுல என்ன குறை?”

“ஒரு குறையும் இல்லம்மா. பாவம், அது பாட்டுக்கு நிக்குது. குறை சொல்ல நமக்கு எப்படி மனசு வரும்?”

டாக்டரம்மா எதையோ எழுதிக்கொண்டார். “சரி. இனி நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. நாலு, ஏழு, ரெண்டு.”

“நாலு, ஏழு, ரெண்டு.”

“நல்லது.”

“நல்லது.”

“போதும், நிறுத்துங்க.”

“போதும், நிறுத்துங்க.”

டாக்டரம்மா இருமினார். பேச்சிமுத்து அதே சுருதியில் இருமினான். செண்பகவடிவு கண்ணுக்குள் நிற்கும்போது ஒரு இருமலை விட்டுவிட முடியுமா? கடைசியில் கொப்பையா கதவைத் திறந்து, “ஏலே, பசிக்குதுலே” என்ற பிறகுதான் ஓய்ந்தான். கொப்பையா சொல்வதைத் திருப்பிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லையே.

வந்ததற்கு இருக்கட்டும் என்று கொப்பையாவையும் அளந்தார்கள். பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு, கொப்பையாவுக்கு நாற்பத்தெட்டு.

பேச்சிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். டாக்டரம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. “வருத்தப்படாதீங்க. இந்த நம்பர் உங்களை முழுசாச் சொல்லாது.”

வெளியே வந்ததும் கொப்பையா கேட்டான். “முழுசு இல்லேன்னா இது பாதிதானே? மீதி எங்கலே போச்சு?”

இருவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

“நாற்பத்தெட்டு உன்கிட்டல்லா இருக்கு” என்றான் பேச்சிமுத்து.

“அதான் நான் பசியைச் சட்டுனு கண்டுபிடிச்சேன் போல.”

சங்கரபாண்டி விரலை மடக்கி மடக்கிக் கூட்டிப் பார்த்தார். சரியாக நூறு வந்தது. “வண்டியை ஒத்தை மாடு இழுக்கலேன்னா ரெட்டை மாடு பூட்டுறோம். அதுல என்ன தப்பு?” என்று அன்றே நாள் குறித்தார்.

முகூர்த்த நேரத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த கொப்பையாவைப் பார்த்து அவன் பெண்டாட்டி ராக்கு எழுந்தாள். “இவரோட நாற்பத்தெட்டையும் நீங்களே வச்சுக்கிட்டா என் வீட்டு அறிவுக்கு நான் எங்க போவேன்?”

மேளம் நின்றது. பேச்சிமுத்துவின் கையில் தாலி அப்படியே தொங்கியது. பஞ்சாயத்து கூடியது. பகலில் நூறும் செண்பகவடிவு வீட்டில், பொழுது சாய்ந்தால் நூறும் ராக்கு வீட்டில் என்று முடிவானது.

“அப்ப ராத்திரி எங்க வீட்டுல?” என்றாள் செண்பகவடிவு.

“தூங்குறதுக்கு எதுக்கும்மா அறிவு?” என்றார் அப்பா. அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது. தாலி ஏறியது.

அன்று விளக்கு வைக்கிற நேரம். பேச்சிமுத்து தன் ஐம்பத்திரண்டை ராக்கு வீட்டில் சேர்க்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டான். மாப்பிள்ளையின் அறிவு தனியாக வருமே என்று, அதற்குத் துணையாக வந்து கூட்டிப்போக, முன்னமே வீட்டுக்குப் போயிருந்த கொப்பையாவும் எதிரே வந்தான். பாதி வழியில் சந்தித்தார்கள்.

“இங்கயே நூறு ஆயிடுச்சேலே” என்றான் பேச்சிமுத்து.

“ஆமா. இதுக்கு மேல எங்கிட்டு நடந்தாலும் நூறுதான். எதுக்கு வீண் நடை?”

அங்கேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

நூறும் இன்னும் வரவில்லை என்று ராக்கு வந்து கேட்டதால் தேடிக்கொண்டு வந்த சங்கரபாண்டி இருவரையும் கூட்டிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. மனம் நிறைந்துபோய், நூறும் சிந்திவிடாமல் ஒரே போர்வையாகப் போர்த்திவிட்டு வீடு திரும்பினார்.